கொன்றால் கிடைக்காத பல்

விளையாட்டைப் பற்றி விமரிசனம் எழுதுவதாவது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆறு மாதத்துக்கு முன் யாராவது இந்தக் காரியத்தைச் செய்திருந்தால் நானே அப்படித்தான் கேட்டிருப்பேன். நாவலைப் பற்றி எழுதலாம், நாடகத்தைப் பற்றி எழுதலாம், மனமிருந்தால் சினிமாவைப் பற்றியும் எழுதலாம். கம்ப்யூட்டர் திரையில் பொம்மையை ஓட்டுவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

கோடை விடுமுறைக்கு வந்த என் தங்கை மகன் பகலெல்லாம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு விளையாட்டில் மூழ்கிக் கிடந்தான். மூழ்கிக் கிடந்தான் என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. அந்த விளையாட்டே கடலுக்கடியில்தான் நடக்கிறது. பையனைக் கண்டிப்பதற்காக உள்ளே போனவன், அரை மணி நேரம் அவன் நாற்காலிக்குப் பின்னால் வாயடைத்து நின்றுவிட்டு வந்தேன். ஊருக்குக் கிளம்பும்போது அவன் அதை என் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். "கதை எழுதறவருக்குப் பிடிக்கும் மாமா, ஆடிப் பாருங்க" என்றான். பிடித்தது. பிடித்ததோடு சில இடங்களில் உறுத்தவும் செய்தது. ஒரு படைப்பு நம்மை உறுத்திவிட்டால் அது எந்த உருவத்தில் வந்தது என்பது இரண்டாம் பட்சம். அதைப் பற்றி எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

விளையாட்டின் பெயர் சப்நாட்டிகா. ஸான் பிரான்ஸிஸ்கோவில் இருந்துகொண்டு அன்னோன் வேர்ல்ட்ஸ் என்ற கம்பெனி தயாரித்தது. 2014 டிசம்பரில் முடியாத நிலையிலேயே அதை விற்பனைக்கு விட்டார்கள். ஆடியவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்தித் திருத்தி 2018 ஜனவரியில் முழு உருவம் கொடுத்தார்கள். வாரா வாரம் வாசகர் கடிதத்தைப் பார்த்துவிட்டு அடுத்த அத்தியாயத்தை எழுதும் தொடர்கதைக்காரனுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

கதை எளிமையானது. அரோரா என்ற பெரிய விண்கப்பல், 4546பி என்று எண் போட்ட ஒரு கிரகத்தில் விழுந்து நொறுங்குகிறது. கிரகம் முழுவதும் கடல். தப்பிக்கும் கூண்டு ஒன்றில் ஏறிக்கொண்ட ரைலி ராபின்சன் என்பவன் மட்டும் உயிரோடு மிதக்கிறான். அந்த ராபின்சன்தான் நாம். அவன் முகத்தை நாம் பார்ப்பதில்லை. அவன் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுவதுமில்லை. பெயரைக் கேட்டதுமே டீபோ 1719-ல் எழுதிய ராபின்சன் குரூஸோ நினைவுக்கு வருகிறது. வரவேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். அந்த ராபின்சனுக்குக் காலூன்ற ஒரு தீவும் உடைந்த கப்பலும் கிடைத்தன. இந்த ராபின்சனுக்கும் உடைந்த கப்பல் உண்டு. ஆனால் நிலம் என்பது பெயரளவுக்குத்தான். இவன் வாழ்வதெல்லாம் தண்ணீருக்குள்.

முதலில் தண்ணீருக்குள் குதித்தால் 45 விநாடிக்குத்தான் மூச்சு இருக்கிறது. அதற்குள் கீழே போய், வேண்டியதை எடுத்துக்கொண்டு, மேலே வந்துவிட வேண்டும். காற்றுக் குடுவை ஒன்று செய்து முதுகில் மாட்டிக்கொண்டால் 75 விநாடி. இந்தக் கணக்கைத் தவிர விளையாட்டில் வேறு அவசரம் அதிகமில்லை. ஆனால் இது ஒன்றே போதும். 30 விநாடி அதிகமாகக் கிடைப்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பது அந்தப் பச்சைத் தண்ணீருக்குள் இருக்கும்போதுதான் தெரிகிறது. பூமிப்படம் எதையும் தரமாட்டார்கள். பாறையையும் செடியையும் வெளிச்சத்தையும் நாமே அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் நான் எங்கள் தெருவை அறிந்த மாதிரி அந்தக் கடலின் ஒரு மூலையை அறிந்துவிட்டேன்.

பிழைப்பதற்கு வேண்டிய எல்லாவற்றையும் கடலிலிருந்து பொறுக்கித்தான் செய்துகொள்ள வேண்டும். கூண்டின் சுவரில் ஒரு யந்திரம் இருக்கிறது; பொருளைக் கொடுத்தால் பண்டமாக்கித் தரும். சமையல் குறிப்பு மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு உண்டு. ஸ்படிகக் கல் இரண்டு கொடுத்தால் ஒரு கண்ணாடி. கப்பலிலிருந்து சிதறிய உலோகத் துண்டு ஒன்றைக் கொடுத்தால் நான்கு டைட்டேனியம். செம்பும் அமிலக் காளானும் கொடுத்தால் பாட்டரி. இவையெல்லாம் கண்ணுக்கெதிரே கிடப்பவை. கை நீட்டினால் போதும்.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு தடை வருகிறது. ஆழத்துக்குப் போக வேண்டுமானால் சைக்ளாப்ஸ் என்ற பெரிய நீர்மூழ்கிக் கப்பல் வேண்டும். அதன் குறிப்பைத் தேடிப் பிடித்துப் பார்த்தால் மூன்று எனாமல் கண்ணாடி என்றிருக்கிறது. எனாமல் கண்ணாடிக்கு என்ன வேண்டும்? சாதாரணக் கண்ணாடியும், ஸ்டாக்கரின் பல்லும். இந்தப் பல்தான் நான் இங்கே பேச வந்த விஷயம்.

ஸ்டாக்கர் என்றால் பதுங்கிப் பின்தொடர்கிறவன் என்று அர்த்தம். கடற்பாசிகள் மரம் மாதிரி ஓங்கி வளர்ந்த காடு ஒன்று கூண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மஞ்சள் விளக்கைச் சரம் சரமாகக் கட்டித் தொங்கவிட்டாற்போல விதைக்கொத்துகள் மினுங்கும் அழகான காடு. அதில் திரிகிற ஜந்து இது. முதலையின் மூஞ்சி, மீனின் உடல், வாய் நிறையப் பல். மனிதனைக் கண்டால் கடிக்க வரும்.

பல் வேண்டும் என்றதும் நான் என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனேன். இலக்கியம், மனிதாபிமானம் என்று மேடையில் பேசுகிறவன்தான் நான். அப்படியும் ஒரு மிருகத்தின் பல் வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தால் என் கை கத்தியைத்தான் தேடுகிறது. ஒரு ஸ்டாக்கரைத் துரத்திக் குத்தினேன். அது கடித்தது. மறுபடி குத்தினேன். மூச்சு முடிந்து கண் இருண்டு போயிற்று. இறந்து, கூண்டில் மறுபடி கண் விழித்தேன். அதற்குமுன் பொறுக்கி வைத்திருந்த பொருள்களில் பல காணாமற் போயிருந்தன. விடவில்லை. திரும்பவும் போய், தண்ணீருக்கு மேலும் கீழுமாக ஏழெட்டு முறை அலைந்து, அதைக் கொன்றே விட்டேன். பிணம் தண்ணீரில் அசையாமல் தொங்கியது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பல் கிடைக்கவில்லை. வாய் நிறையப் பல் தெரிகிறது, எடுக்க வழியில்லை.

அன்றிரவு பையனுக்கு டெலிபோன் செய்தேன். அவன் சிரித்தான்.

"அதோட ஏன் மாமா சண்டைக்குப் போறீங்க? இரும்புத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டுல போட்டுட்டுத் தள்ளி நின்னு பாருங்க."

"போட்டால்?"

"அதுக்கு இரும்புன்னா உசிரு. எடுத்து வச்சுக்கிட்டு விளையாடும்."

"எனக்கு வேண்டியது பல்லுடா."

"அதான் சொல்றேன். பார்த்துக்கிட்டே இருங்க."

மறுநாள் அப்படியே செய்தேன். நான்கு உலோகத் துண்டுகளைக் காட்டின் நடுவில் மணலில் போட்டுவிட்டு ஒரு செடித் தண்டின் மறைவில் நின்றேன். ஒரு ஸ்டாக்கர் வந்தது. துண்டைக் கவ்வியது. சற்று தூரம் கொண்டுபோய்ப் போட்டது. மறுபடி கவ்வியது. கடித்துப் பார்த்தது. இன்னொன்று வந்து வேறொரு துண்டைத் தூக்கிக்கொண்டு போயிற்று. நாய்க்குட்டி செருப்போடு விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே உற்சாகம்தான். எனக்கு மூச்சு முடிந்தது. மேலே போய் வந்தேன். மறுபடி முடிந்தது, மறுபடி போய் வந்தேன். ஐந்தாறு முறை இப்படி ஆன பிறகு, இரும்பைக் கடித்த வேகத்தில் ஒன்றின் வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ உதிர்ந்து மெதுவாக மணலில் இறங்கியது. அது போனதை அந்த ஜந்து கவனிக்கவேயில்லை. நான் போய் எடுத்துக்கொண்டேன். முந்தின நாள் கத்தியோடு சுற்றியபோது ஏற்படாத படபடப்பு எனக்கு அப்போது ஏற்பட்டது.

இந்தச் சின்ன ஏற்பாட்டில்தான் இந்த விளையாட்டைச் செய்தவர்களின் கலை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அரிய பொருளைத் தேடிப் போவது கதைகளிலே பழைய சரக்கு. ஏழு கடலும் ஏழு மலையும் தாண்டிப் போய்க் கொண்டுவருகிற பொருளைப் பற்றி எல்லாப் பாட்டிகளும் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதைகளில் பொருள் அரிதாவது தூரத்தால், அல்லது காவலால். வீரன் தூரத்தைக் கடக்கிறான், காவல் பூதத்தைக் கொல்கிறான், பொருளை எடுக்கிறான். ஸ்டாக்கரின் பல் அந்த வகை அரிது அல்ல. அது கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கண்ணுக்கு நேரே, நூறு நூறாக இருக்கிறது. எடுக்கிறவனிடம் சரியான நடத்தை இல்லாததால்தான் அது அரிதாகிறது. கொன்றால் கிடைக்காது. கேட்டாலும் கிடைக்காது. அந்த ஜந்துவுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு, அதைக் கொடுத்து, விலகி நின்றால் கிடைக்கலாம்; கிடைக்காமலும் போகலாம்.

இது தற்செயலாக அமைந்ததல்ல. இந்தக் கம்பெனியே 2012 அக்டோபரில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றை வெளியிட்டிருந்தது. அதே வருஷம் டிசம்பரில் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் ஸாண்டி ஹூக் ஆரம்பப் பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். சப்நாட்டிகாவை நடத்திச் சென்ற சார்லி கிளீவ்லண்ட், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு உலகத்தில் இன்னும் சில துப்பாக்கிகளைச் சேர்க்கத் தமக்கு மனமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதனால் இந்தக் கடலில் துப்பாக்கியால் சுட்டுக் கொல்லும் பேச்சே இல்லை. கத்தி உண்டு, அதன் லட்சணத்தைத்தான் சொன்னேனே. ஜந்துகளைச் சற்று நேரம் உறைய வைக்கும் ஒரு கருவி உண்டு; அது கொல்லாது. மற்றபடி பயந்து ஓடலாம், ஒளியலாம், பழகலாம். பசித்த ஸ்டாக்கருக்கு ஒரு மீனைக் கொடுத்தால் கொஞ்ச நேரம் பகையை மறந்துவிடுகிறது.

உபதேசம் செய்யும் நாவல்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. பாத்திரம் ஒன்று எழுந்து நின்று அஹிம்சையைப் பற்றி இரண்டு பக்கம் பேசும். நாம் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். இங்கே ஒருவரும் பேசுவதில்லை. கத்தியை எடுக்காதே என்று தடுப்பாருமில்லை. எடுத்துக் கொன்றுவிட்டு வெறுங்கையோடு நின்று பார் என்று விட்டுவிடுகிறார்கள். தப்பைச் செய்யவிட்டு, அதன் பயனின்மையைக் கையிலேயே உணர்த்துவது நாவலாசிரியனுக்கு எட்டாத வசதி. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பாராட்டை இத்துடன் நிறுத்திக்கொண்டு குறையைச் சொல்கிறேன். இதே விளையாட்டில் கயனைட் என்று இன்னொரு அரிய பொருள் இருக்கிறது. நீல நிறக் கல். இது கற்பனையல்ல, அலுமினியமும் சிலிக்கனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து பூமிக்கடியில் பெரிய அழுத்தத்தில் உண்டாகிற நிஜமான கல். பெயரும் நீலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஜார்க்கண்டில் லாப்ஸா புருவில் இதை வெட்டியெடுத்திருக்கிறார்கள்; உலைகளுக்குள்ளே நெருப்புத் தாங்கும் செங்கல் செய்ய உதவுகிறது. விளையாட்டிலும் அது நெருப்புக்குழம்பு ஓடும் அடிக்கடலில் கிடப்பதாக வைத்திருப்பது பொருத்தமான கற்பனை. கடைசி ஆழத்துக்கு இறங்கும் சாதனங்களுக்கும் தப்பிப் போகும் ராக்கெட்டுக்கும் அது வேண்டும்.

ஆனால் அதைச் சம்பாதிக்கும் விதம் என்ன? இறாலின் பெயர் வைத்த ஒரு யந்திரக் கவசத்துக்குள் ஏறிக்கொள்கிறோம். அதன் கையில் துளைக்கும் கருவியை மாட்டுகிறோம். பாறையைக் குடைகிறோம். கல் கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. பயமுண்டு, பயங்கரமான பிராணிகளுண்டு, தூரமுண்டு. ஆனால் கல்லுக்கும் நமக்கும் எந்தச் சம்பந்தமும் ஏற்படுவதில்லை. பல்லுக்காக நான் ஒரு ஜந்துவின் குணத்தைப் படித்தேன். கல்லுக்காக யந்திரத்தின் திறனைக் கூட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். முதலில் நம்மை மாற்றப் பார்த்த விளையாட்டு, பிற்பாடு நம் ஆயுதத்தை மாற்றுவதோடு திருப்தி அடைந்துவிடுகிறது. இடைப்பகுதி முழுவதும் பெட்டிகளில் சாமான் அடுக்குவதும், இந்தப் பெட்டியில் இருந்ததை எந்தப் பெட்டியில் வைத்தோம் என்று தேடுவதுமாகக் கழிகிறது. ஒரு பலசரக்குக் கடைக் கணக்குப்பிள்ளையின் வேலை அது. நாவலாக இருந்தால் நூறு பக்கத்தை வெட்டச் சொல்லியிருப்பேன்.

இன்னொரு விஷயம், இது விளையாட்டின் குறையா என் குறையா என்று தெரியவில்லை. ஒரு பல் கிடைத்ததும் எனக்குப் பேராசை வந்துவிட்டது. நான்கு துண்டு போட்ட இடத்தில் இருபது துண்டு போட்டேன். ஸ்டாக்கர்கள் கூட்டமாக வந்து கடித்தன. நான் காற்றுக் குடுவையோடு மேலே இருந்து மேஸ்திரி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். பல் விழ விழப் பொறுக்கினேன். பக்கத்தில் ஓர் ஆராய்ச்சி அறை கட்டி, கடலை வேவு பார்க்கும் மிதவைக் காமிராக்களை விட்டேன். அவற்றையும் உலோகம் என்று நினைத்து ஸ்டாக்கர்கள் கவ்விக்கொண்டு போயின. திரையில் கடலுக்குப் பதிலாக ஸ்டாக்கரின் வாய்தான் தெரிந்தது. முதலில் சிரித்தேன். பிறகு அந்த வாயைப் பார்க்கப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. நேற்று நான் கொடுத்தது பரிசு. இன்று நான் போடுவது தூண்டில். போட்டது இரண்டு நாளும் அதே இரும்புதான்.

எனக்கு இது உறுத்தியதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய மகன் வாலிப வயதில் வீட்டைவிட்டுப் போனவன் திரும்பவில்லை. அதை வைத்து ஒரு நாவல் எழுத எனக்கு ஆசை. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் நேராகவே கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார் இப்போ?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். பிறகு என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போவார். ஒரு வருஷம் கழிந்தது. என் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்றுபோயிற்று. அவருக்குக் கடிகாரம் ரிப்பேர் செய்வதில் பைத்தியம் என்று எனக்குத் தெரியும். கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் மலர்ந்து வாங்கிக்கொண்டார். திண்ணையில் உட்கார்ந்து அதைப் பிரித்துக்கொண்டே, யாருக்கோ சொல்வது போல, "இந்த மாதிரி ஒரு ஸ்பிரிங்கைத்தான் எட்டு வயசில அறுத்துட்டு, அடிக்குப் பயந்து மச்சுல போய் ஒளிஞ்சுக்கிட்டான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொன்னதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அந்த ஒரு வாக்கியத்திலிருந்து என் நாவலின் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் வந்தது. கடிகாரம் நின்றதனால் நான் அவரிடம் போனேனா, இப்படி ஏதாவது உதிரும் என்று போனேனா? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. புத்தகம் வெளிவருவதற்குள் அவர் காலமாகிவிட்டார். தாம் அதில் இருப்பது அவருக்குத் தெரியாது.

ஆகவே பல்லின் பாடம் முழுமையான பாடமல்ல. பலாத்காரத்தைவிட அது மேல், சந்தேகமில்லை. ஆனால் கொடுக்கிறவருக்குத் தாம் கொடுக்கிறோம் என்பதே தெரியவில்லை. விளையாட்டைச் செய்தவர்களுக்கும் இந்தக் குறை புலப்பட்டிருக்க வேண்டும். கதையின் கடைசிக் கட்டத்தில் அதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கிரகத்தில் ஒரு கொள்ளை நோய் இருக்கிறது. ராபின்சனுக்கும் தொற்றிவிடுகிறது. நோய் வெளியே பரவாமலிருக்க, முன்னொரு காலத்தில் அங்கே வந்த வேற்றுலகவாசிகள் ஒரு பிரும்மாண்டமான பீரங்கியை நிறுவியிருக்கிறார்கள். அதுதான் அரோராவைச் சுட்டு வீழ்த்தியது. நோய் தீராமல் யாரும் கிரகத்தை விட்டுப் போக முடியாது. மருந்தோ கடல் சக்கரவர்த்தி என்ற மாபெரும் ஜீவனின் குஞ்சுகளிடம்தான் இருக்கிறது. சக்கரவர்த்தி என்று பெயர். ஆனால் ஒரு கிழத்தாய். சுமார் ஆயிரம் வருஷமாக அடிக்கடலில் ஒரு தொட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறாள். அடைத்தவர்கள் அவளுடைய முட்டைகளைப் பலவந்தமாகப் பொரிக்க வைக்கப் பார்த்துத் தோற்றுப் போனார்கள். வேறொரு ராட்சதப் பிராணியின் முட்டையை ஆராய்ச்சிக்காக எடுத்துவந்தபோது, தாய்ப் பிராணி வந்து ஆராய்ச்சிக் கூடத்தையே மோதி உடைத்தது. நோய்க்கிருமி கடலில் கலந்ததே அப்படித்தான்.

இங்கே நான் கத்தியோடு காட்டில் சுற்றிய காட்சி நினைவுக்கு வந்தது. நான் சிறிய அளவில் செய்ததை அவர்கள் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். வெறுங்கையோடு நான் நின்றேன். ஒரு கிரகமே நாசமாகும்படி அவர்கள் நின்றார்கள்.

ராபின்சனிடம் அந்தத் தாய் மனத்தோடு மனமாகப் பேசுகிறாள். குஞ்சுகளுக்கு விடுதலை வேண்டும் என்கிறாள். அதற்காக அவன் மறுபடி கடலெல்லாம் அலைந்து ஐந்து தாவரங்களிலிருந்து வித்தும் துணுக்கும் சேகரித்து, முட்டை பொரிக்கும் திரவத்தைச் செய்து கொண்டுவருகிறான். குஞ்சுகள் பிறக்கின்றன. அவை தண்ணீரில் விடும் சாறு அவனைக் குணப்படுத்துகிறது. குஞ்சுகள் வெளிக்கடலுக்குப் போகின்றன. தாய் இறந்துபோகிறாள். ஸ்டாக்கர் தன்னையறியாமல் பல்லை விட்டது. இவளோ எதைக் கேட்கிறோம், எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கிறாள். இரண்டு தரப்புக்கும் தெரிந்து நடக்கும் கொடுக்கல் வாங்கல் இது. பல்லில் தொடங்கியது இங்கே வந்து முதிர்கிறது. இடையில் கல் குடைந்த நேரமெல்லாம் வீண் என்ற என் குறையைக்கூட இந்த இடத்தில் பாதி மன்னித்துவிட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இன்னொரு சின்னக் காட்சி இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ராபின்சன் ராக்கெட் கட்டி ஊருக்குப் புறப்படுகிறான். அவனை வேலைக்கு வைத்திருந்த கம்பெனி ஆல்டெர்ரா. அந்தக் கிரகத்தில் அவன் எடுத்த ஒவ்வொரு பொருளும் கம்பெனிக்குச் சொந்தம் என்று அவனுடைய கையடக்கக் கருவி நடுவில் ஒருமுறை ஞாபகப்படுத்துகிறது. பில் 30 லட்சம் ஆகிவிட்டது என்கிறது. கடைசியில் வீடு வந்து சேரும்போது, பாக்கி ஒரு லட்சம் கோடியைத் தீர்த்துவிட்டு இறங்கலாம் என்று தகவல் வருகிறது. அத்துடன் விளையாட்டு முடிகிறது.

பழைய ராபின்சன் குரூஸோ ஊர் திரும்பியபோது பிரேஸிலில் அவனுடைய தோட்டம் நன்றாக விளைந்து அவனைப் பணக்காரனாக்கியிருந்தது. கப்பலைச் சுரண்டினான், தீவை ஆண்டான், வீடு வந்தும் லாபம். முந்நூறு வருஷத்துக்குப் பின் வந்த ராபின்சனுக்குக் கடன். இரண்டு நூற்றாண்டுகளின் மனோபாவமும் இந்த இரண்டு கணக்குகளில் இருக்கிறது. பழையவன் கண்டதெல்லாம் தன்னுடையது என்று நினைத்தான். புதியவன் கண்டதெல்லாம் கம்பெனியுடையது. கடல் கடலுக்கே சொந்தமாக இருக்கலாம் என்று இரண்டு கணக்குப்பிள்ளைகளுக்கும் தோன்றவில்லை.

முடித்த அன்று பையனுக்குச் சொன்னேன்.

"கடைசி பில்லைப் பார்த்தீங்களா மாமா? செம தமாஷ் இல்ல?" என்றான்.

தமாஷ்தான். நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்ததும், ராபின்சன் கடன்பட்டவன்தான் என்று எனக்குத் தோன்றியது. கம்பெனியின் பில்லில் ஸ்படிகக் கல்லும் செம்பும் கயனைட்டும் இருக்கும். பல்லும் ஒரு வரியில் இருக்கும், விலை போட்டு. அந்தப் பல்லை விட்டது யார் என்ற வரி இராது. அந்தக் கிழத்தாயின் பெயரும் இராது. கடன் இருக்கிறது, பில் அனுப்பியவன்தான் தப்பான ஆள்.

என் மூன்றாம் அத்தியாயத்துக்கு நான் வாங்கிய சன்மானத்தைப் பற்றி யாரும் எனக்குப் பில் அனுப்பவில்லை. கடிகாரத்தை ரிப்பேர் செய்ததற்கு அந்தப் பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். அது இப்போதும் என் அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. சில நாள் ஐந்து நிமிஷம் பிந்தும். அடுத்த பதிப்பில் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவருக்கு ஒரு வரி போட வேண்டும் என்று இருக்கிறேன். பெயர் போட்டால் அவர் விரும்புவாரா என்று கேட்க ஆள் இல்லை. பெயரில்லாமல்தான் போட வேண்டும்.